சிறு நாடு திறந்து வைத்த சில கதவுகள்

கல்கத்தா வீதிகளில் நாள்தோறும் நடந்து செல்லும் நம்மவர் பலர், சில கட்டிடங்களின் முகப்பில் அயல்நாட்டுக் கொடிகள் பறப்பதைக் கண்டிருப்பர். ஹோ சி மின் சரணியில் அமெரிக்கக் கொடி பறக்கிறது. அலிப்பூரில் நேபாளத்தின் முக்கோணக் கொடி பறக்கிறது. சர்க்கஸ் அவென்யூப் பக்கம் சென்றால் வங்காள தேசத்தின் பச்சையும் சிவப்பும் கண்ணிற்படும். வல்லரசின் கொடியைக் கண்டால் சற்றே நின்று பார்க்கிறோம். சிறிய நாட்டின் கொடியைக் கண்டாலோ, அது எந்த நாடு என்று கேட்கவும் நமக்கு அவகாசம் இருப்பதில்லை. மஞ்சளும் செம்மஞ்சளும் குறுக்கே சேர்ந்து, நடுவில் வெள்ளை டிராகன் படுத்திருக்கும் கொடி ஒன்று இந்நகரின் தென்பகுதியில் இருக்கிறது. அது பூட்டான் நாட்டின் கொடி. அதன் கீழ் நடைபெறுவது அந்நாட்டின் துணைத் தூதரகம். அதைப் பற்றி நாமும் நெடுங்காலம் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணும்படி செய்தது ஹௌரா நிலையத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம்.

சில மாதங்களுக்கு முன், அலுவல் முடிந்து திரும்புகையில், முழங்கால் வரை தொங்கும் அங்கி அணிந்த முதியவர் ஒருவரும், அவர் மகன் போல் தோன்றிய இளைஞர் ஒருவரும் அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்தவண்ணம் நின்றிருந்தனர். நம்மைக் கண்டதும் இளைஞர், "தாதா, காட்பாடி வண்டி எந்தப் பிளாட்பாரம்?" என்று இந்தியில் வினவினார். காட்பாடி என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழன் நிற்காமல் போவானா? விசாரித்தோம். பூட்டானில் மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த விவசாயி அந்த முதியவர். திம்புவிலுள்ள மருத்துவமனையில் பரிசோதித்து, மேல் சிகிச்சைக்காக வேலூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். செலவு அந்நாட்டு அரசாங்கத்தினுடையது. கல்கத்தாவில் தங்கள் துணைத் தூதரகத்துக்குச் சென்று விவரம் தெரிந்துகொண்டு வந்திருப்பதாக இளைஞர் கூறினார். பின்பு சற்றுத் தயங்கி, "அங்கே இந்தி பேசுவார்களா?" என்று கேட்டார்.

அந்தத் தயக்கத்தை நாம் நன்கு அறிவோம். முதன்முதல் இந்நகரில் வந்திறங்கிய நாளில், வங்காளம் ஒரு சொல்லும் தெரியாமல் இதே நிலையத்தில் நாமும் அப்படித்தான் நின்றோம். ஆகவே ஒரு தாளை எடுத்து, "இவர்கள் பூட்டானிலிருந்து சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். தமிழ் தெரியாது. தயவு செய்து வழி காட்டுங்கள்" என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, நம் தொலைபேசி எண்ணையும் குறித்துக் கொடுத்து, வண்டியிலும் ஏற்றி விட்டோம். பதினைந்து நாட்களுக்குப் பின் அந்த இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். தகப்பனார் தேறி வருவதாகவும், நாம் எழுதிக் கொடுத்த சீட்டு முதன்முதல் பயன்பட்டது மருத்துவமனையில் அன்று, கஞ்சி வாங்குவதற்கே என்றும் சொல்லிச் சிரித்தார்.

அதன்பின் ஒரு வினா நம்மை விட்டு அகலவில்லை. உலகில் இருநூறுக்கு அருகே நாடுகள் உள்ளன. அவற்றில் ஒரு சின்னஞ்சிறு நாடு, தன் மக்கள் அயலூரில் தடுமாறாதிருக்க எத்தனை இடங்களில் கதவு திறந்து வைக்க இயலும்? எங்கெங்கே திறந்து வைக்கிறது? அதை ஆராயப் புகுந்தபோது கண்ட செய்திகளையே நேயர்கள் முன் வைக்கிறோம்.

தூதரகமும் துணைத் தூதரகமும்

ஒரு நாட்டின் தலைநகரில் மற்றொரு நாடு வைத்திருப்பது தூதரகம். அதன் தலைவராகிய தூதர், தம் நாட்டின் சார்பில் அந்நாட்டு அரசாங்கத்தோடு பேசுபவர். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் வைத்துக்கொள்ளும் தூதரகத்துக்கு ஹை கமிஷன் என்று பெயர். தலைநகரல்லாத பெருநகரங்களில் இருப்பது துணைத் தூதரகம். அதன் தலைவர் கான்சல். அரசாங்கத்தோடு பேசுவதினும், தம் நாட்டு மக்களுக்கும் வாணிகத்துக்கும் துணை நிற்பதே கான்சலின் முதற் கடமை. பாஸ்போர்ட் புதுப்பித்தல், பிறப்பு இறப்புகளைப் பதிதல், பத்திரங்களுக்குச் சான்றளித்தல், சிறைப்பட்ட தம் குடிகளைக் கண்டு பேசுதல் ஆகியன அவர் வேலைகள். முன்னதற்கு 1961-ஆம் ஆண்டிலும், பின்னதற்கு 1963-ஆம் ஆண்டிலும் வியன்னா நகரில் நாடுகள் கூடி விதிகள் வகுத்தன. இவையன்றிக் கௌரவ கான்சல் என்று ஒரு முறையும் உண்டு. உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரையே ஒரு நாடு தன் பிரதிநிதியாக நியமித்துக்கொள்ளும் முறை அது. பொருள் வசதி குறைந்த நாடுகளுக்கு இது பெரிதும் உதவுகிறது.

இன்று பெரியதாய் விளங்கும் நாடும் ஒரு காலத்தில் சிறியதாய் இருந்து வந்ததே. அதற்கு நம் கல்கத்தாவே சாட்சி. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த அமெரிக்கா, 1792-ஆம் ஆண்டு பெஞ்சமின் ஜாய் என்பவரைக் கல்கத்தாவுக்குக் கான்சலாக நியமித்தது. நியமித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1794-இல் அவர் இங்கு வந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைக் கான்சல் என்று ஏற்க மறுத்துவிட்டனர். வாணிக முகவராக இருக்கலாம், ஆயின் எங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே இருக்கவேண்டும் என்றனர். அமெரிக்கா அன்று அந்த அளவையே ஏற்று இருந்தது. வந்து நிற்பதற்கு ஓரிடம் கிடைத்தால் போதும், மதிப்புப் பின்னால் வரும் என்பது சிறிய நாடுகள் அறிந்த உண்மை.

மலைநாட்டின் நெடும் பயணம்

பூட்டானின் பரப்பு சுமார் 38,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குடிமக்கள் ஏறத்தாழ 7 இலட்சத்து 27 ஆயிரம் பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் கல்கத்தா மாநகராட்சி எல்லைக்குள் மட்டுமே 45 இலட்சம் மக்கள் இருந்தனர் என்பதை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வடக்கே சீனம், மற்ற மூன்று திசைகளிலும் இந்தியா. கடல் கிடையாது.

ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்றபின், 1865-ஆம் ஆண்டுச் சிஞ்சுலா உடன்படிக்கையால் தராய்ப் பகுதி நிலங்களைப் பூட்டான் இழந்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் பெற்றது. பின்னாளில் முதல் மன்னரான உக்யேன் வாங்சுக், 1906-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசரைக் காண இக்கல்கத்தாவுக்கே வந்து சென்றார். 1907 டிசம்பர் 17-ஆம் நாள் அவர் முடி சூடினார். 1910-இல் மற்றோர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆண்டுத் தொகை ஒரு இலட்சம் ஆயிற்று. ஆனால் வெளிநாட்டு விவகாரங்களில் ஆங்கில அரசாங்கத்தின் ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. இந்தியா விடுதலை பெற்றபின், 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள் டார்ஜிலிங்கில் கையெழுத்தான உடன்படிக்கையிலும் ஏறக்குறைய அதே வாசகம் இடம் பெற்றது. தொகை 5 இலட்சமாக உயர்ந்தது.

இவ்வாறு வெளியுலகோடு பேசும் வாய் பிறர் ஆலோசனைக்கு உட்பட்டிருந்த நிலையில், அக்கம்பக்கத்தில் நடந்தவற்றைப் பூட்டான் கவனித்து வந்தது. 1950-51-இல் சீனப் படை திபெத்தினுள் புகுந்தது. உலக சபையில் இடமும், பிற தலைநகரங்களில் முறையான தூதரகங்களும் திபெத்துக்கு இல்லை. அதன் குரலை எடுத்துச் சொல்ல முன்வந்தோர் மிகச் சிலரே. 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தியாவின் பாதுகாப்புக்குட்பட்ட நாடாயிருந்த சிக்கிம், 1975-இல் இந்திய மாநிலமாயிற்று. அதன் நன்மை தீமைகளை இங்கே நாம் ஆராயப் புகவில்லை. தனி நாடாக நீடிக்க விரும்பும் சிறு தேசம், தன் பெயர் உலகின் ஏடுகளில் எழுதப்பட்டிருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதே பூட்டான் உணர்ந்த பாடம்.

அந்த முயற்சி படிப்படியாக நடந்தது. 1958-இல் நேருஜி மட்டக்குதிரை மீதும் நடந்தும் மலைகளைக் கடந்து பாரோ நகருக்குச் சென்றார். பூட்டான் சுதந்திர நாடாக இருப்பதே இந்தியாவின் விருப்பம் என்று அங்கு உறுதி கூறினார். எல்லை நகரமாகிய புன்சோலிங்கிலிருந்து உள்நாட்டுக்கு மோட்டார் சாலை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைந்தது. 1962-இல் கொழும்புத் திட்டத்தில் பூட்டான் சேர்ந்தது. அவ்வாண்டே தன் தபால் தலைகளை வெளியிட்டது. பல நாட்டவர் அந்நாட்டின் பெயரை முதன்முதல் அறிந்தது அத்தலைகளின் வாயிலாகவே எனலாம். 1969-இல் சர்வதேசத் தபால் ஒன்றியத்தில் இடம் கிடைத்தது. இந்தியாவின் ஆதரவோடு, 1971 செப்டம்பர் 21-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாயிற்று. அதே ஆண்டு டில்லியில் பிரதிநிதி காரியாலயம் அமைந்தது. 1978-இல் அது முழுத் தூதரகமாக உயர்ந்தது. இறுதியில் 2007 பிப்ரவரி 8-ஆம் நாள் இந்தியாவும் பூட்டானும் புதிய உடன்படிக்கை செய்துகொண்டபோது, ஆலோசனைப்படி நடக்கவேண்டும் என்ற பழைய வாசகம் நீங்கி, இரு நாடுகளும் ஒத்துழைக்கும் என்ற வாசகம் அவ்விடத்தைப் பெற்றது.

கல்கத்தாவில் பிறந்த தூதரகம்

1971-ஆம் ஆண்டை இந்நகரின் முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் வங்காள தேசத்தின் தற்காலிக அரசாங்கம் எல்லையோர மாந்தோப்பு ஒன்றில் பதவியேற்றது. மறுநாள், கல்கத்தாவில் பாகிஸ்தானின் துணை ஹை கமிஷனராக இருந்த ஹொசைன் அலி, தம்முடன் பணியாற்றிய வங்காள ஊழியர்களோடு கட்சி மாறி, சர்க்கஸ் அவென்யூக் கட்டிடத்தில் வங்காள தேசக் கொடியை ஏற்றினார். அயல்நாட்டில் அத்தேசத்துக்கு அமைந்த முதல் தூதுவ நிலையம் அதுவே. எந்த நாடும் அதுவரை வங்காள தேசத்தை அங்கீகரித்திருக்கவில்லை. நாட்டின் பெரும்பகுதி பகைவர் படையின் வசம் இருந்தது. ஆயினும் நம் நகரில் அதற்கு ஒரு வாயில் இருந்தது. இன்றும் அவ்விடத்திலேயே வங்காள தேசத்தின் துணை ஹை கமிஷன் செயற்படுகிறது.

அந்தத் தற்காலிக அரசாங்கம் தியேட்டர் ரோட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த நாட்களில், 1971 டிசம்பர் 6-ஆம் நாள், பூட்டான் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் வங்காள தேசத்தை அங்கீகரித்துச் செய்தி அனுப்பினார். இந்தியாவும் அன்றே அங்கீகரித்தது. ஆயினும் பூட்டானே முந்தியது என்று வங்காள தேச அரசாங்கம் 2014-இல் தெளிவுபடுத்தியது. பூட்டான் தானே உலக சபையில் அமர்ந்து அன்று பதினொரு வாரமே ஆகியிருந்தது. புதிதாய்ப் பெற்ற குரலை மற்றொரு புதிய நாட்டுக்காக அது முதலில் பயன்படுத்தியது. அந்த நட்பு வீண்போகவில்லை. 2020-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 6-ஆம் நாளில் இரு நாடுகளும் சலுகை வாணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன.

எங்கெங்கே, ஏன்?

இப்போது பூட்டானின் தூதரகங்கள் எங்குள்ளன என்று பார்ப்போம். டில்லி, டாக்கா, பாங்காக், குவைத், பிரஸ்ஸல்ஸ், கான்பெரா ஆகிய நகரங்களில் தூதரகங்கள். நியூயார்க்கிலும் ஜெனிவாவிலும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கான நிலையங்கள். கல்கத்தாவிலும் குவஹாத்தியிலும் துணைத் தூதரகங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு அதற்கு உறவு உண்டு. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் கட்டிடம் எழுப்ப வசதியில்லை. ஆகவே ஒரு தூதரே அருகிலுள்ள பல நாடுகளுக்கும் பொறுப்பேற்கிறார். வேறு சில இடங்களில் கௌரவ கான்சல்கள் பணிபுரிகின்றனர்.

இப்பட்டியலைக் காணும் எவருக்கும் ஒரு வியப்பு உண்டாகும். வாஷிங்டன் இல்லை, லண்டன் இல்லை, மாஸ்கோவும் பாரிசும் பீக்கிங்கும் இல்லை. பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் பெற்ற ஐந்து வல்லரசுகளில் எதனோடும் பூட்டானுக்கு முறையான தூதுவ உறவு கிடையாது. பெரியவர்களின் வழக்குகளில் சிக்காமல் ஒதுங்கி வாழ விரும்புபவன், பெரியவர் வீட்டுத் திண்ணையில் அமர்வதையும் தவிர்க்கிறான்.

அவ்வாறாயின் திறந்த கதவுகள் எதற்காக? ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. டில்லியின் காரணத்தைச் சொல்லவேண்டியதில்லை. டாக்கா, பூட்டானின் ஆரஞ்சையும் ஆப்பிளையும் கட்டிடக் கற்களையும் வாங்கும் நாட்டின் தலைநகர். பாங்காக், அந்நாட்டு விமானங்கள் சென்று சேரும் ஊர்; படிப்புக்கும் வைத்தியத்துக்கும் மக்கள் போகுமிடம். குவைத், வளர்ச்சிப் பணிகளுக்குக் கடனுதவிய நாடு. வளைகுடாப் பகுதியில் பூட்டானிய இளைஞர்கள் வேலை தேடியும் செல்கின்றனர். பிரஸ்ஸல்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் இருப்பிடம். கான்பெராவில் தூதரகம் 2021-இல்தான் தோன்றியது. பல்லாயிரம் இளைஞர்கள் படிப்பதற்கென்று ஆஸ்திரேலியா சென்று குடியேறத் தலைப்பட்டபின் அங்கே ஒரு கதவு தேவையாயிற்று. குவஹாத்தியில் 2018 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, அஸ்ஸாம் எல்லையை நம்பி வாழும் கிழக்குப் பூட்டானுக்காக. சுருங்கச் சொன்னால், தன் மக்களும் தன் சரக்கும் எங்கே போகின்றனவோ, அங்கே அந்நாட்டின் கதவும் போகிறது.

அந்த முறையில் பார்த்தால் கல்கத்தாவின் முக்கியத்துவம் தானே விளங்கும். கடலில்லா நாட்டுக்கு இந்நகரே கடற்கரை. தூர தேசங்களிலிருந்து பூட்டானுக்கு வரும் சரக்கு, கல்கத்தா அல்லது ஹால்டியா துறைமுகத்தில் இறங்கி, இந்தியச் சுங்கத் தீர்வையின்றி எல்லையைக் கடந்து செல்ல, 1972 முதல் புதுப்பிக்கப்பட்டு வரும் வாணிக ஒப்பந்தம் வழி செய்கிறது. அது ஜெய்காவ் வழியே லாரிகளில் புன்சோலிங்கை அடைகிறது. ரயிலடிச் சரக்குக் கணக்கோடு பழகிய நமக்கு ஹாசிமாரா என்ற பெயர் புதிதன்று. வடவங்கத்தில் பூட்டான் எல்லைக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள நிலையம் அது. அதற்கப்பால் பூட்டானுக்குள் இன்றுவரை தண்டவாளம் கிடையாது. கோக்ராஜாரிலிருந்து கெலேபுவுக்கு 69 கிலோமீட்டரும், பானர்ஹாட்டிலிருந்து சாம்ட்சேக்கு 20 கிலோமீட்டரும் பாதை அமைக்க இரு அரசாங்கங்களும் 2025 செப்டம்பரில் திட்டம் அறிவித்துள்ளன. செலவு 4,033 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகாய மார்க்கமும் கல்கத்தாவிலேயே தொடங்கிற்று. 1983 பிப்ரவரி 11-ஆம் நாள் டிரக் ஏர் கம்பெனியின் முதல் பிரயாணிகள் விமானம் பாரோவுக்கும் கல்கத்தாவுக்கும் இடையேதான் பறந்தது. பதினெட்டுப் பேர் அமரக்கூடிய சிறு டோர்னியர் விமானம் அது.

சரக்கையும் விமானத்தையும் விட நம் மனத்தைத் தொட்டது நோயாளிகளின் வரவே. பூட்டானில் வைத்தியம் இலவசம். திம்புவில் செய்ய இயலாத சிகிச்சைக்கு, அரசாங்கமே தன் செலவில் கல்கத்தாவுக்கும் வேலூருக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்புகிறது. மாடுகளையும் மலைச்சரிவுகளையுமே அறிந்த மனிதர் ஒருவர், இந்நகரின் ஆரவாரத்துக்கு நடுவே, தம் மொழி பேசும் ஒருவரிடம் சென்று அமர முடிகிறது. தூதர்கள் விருந்துண்டு கை குலுக்கும் படங்களையே பத்திரிகைகளில் காண்கிறோம். ஆனால் ஒரு நாட்டின் பெருமை அளக்கப்படுவது அந்த விருந்தில் அன்று. அந்த நாற்காலியிலேயே ஆகும்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

எனினும் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். கான்சலின் கதவு, நாடு தன் குடிகள் என்று ஒப்புக்கொண்டவர்களுக்கே திறக்கும். 1985-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின், 1958-இல் பூட்டானில் குடியிருந்தமைக்குச் சான்று காட்ட இயலாதவர் என்று, நேபாள மொழி பேசும் தென்பூட்டான் மக்கள் பலர் அந்நியர் எனக் கணிக்கப்பட்டனர். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர்கள் வெளியேற நேர்ந்தது. கிழக்கு நேபாளத்து முகாம்களில் அகதிகளாயிருந்தோர் தொகை ஒரு இலட்சத்தை எட்டிற்று. 2007-க்குப் பின் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் குடியமர்த்தப்பட்டனர். தன் மக்களை அயலூரில் இவ்வளவு பரிவோடு காக்கும் நாடு, உள்ளே வாழ்ந்தவர் சிலரைத் தன் மக்கள் அல்லர் என்றும் சொல்லிற்று.

இதைக் கேட்கும் தமிழர்க்கு இலங்கை மலையகம் நினைவுக்கு வராமற் போகாது. தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம்மவரின் நலம் காண, 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் அன்றைய இந்திய சர்க்கார் கண்டியில் ஓர் ஏஜண்டை நியமித்தது. அடிமை நாட்டின் ஏஜண்டுக்கு அதிகாரம் குறைவு. எனினும் மனுக் கொடுக்க ஒரு வாசல் இருந்தது. 1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றபின் இயற்றிய குடியுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்புக்குச் சான்று கேட்டது. ஏடு எழுதிப் பழகாத தோட்டத் தொழிலாளி சான்றுக்கு எங்கே போவான்? பல இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் குடியல்லாதவராயினர். 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றும், மீந்த 1,50,000 பேரைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் கூறியது. எஞ்சியிருந்தோர்க்கு வழி பிறக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கண்டியில் இன்றும் இந்தியாவின் உதவி ஹை கமிஷன் இருக்கிறது. வாசல் இருந்தும் உரிமைச் சீட்டு இல்லாதவன் நிலையை நம்மவரை விட நன்கு அறிந்தவர் யார்?

நாம் செய்யக்கூடியது

கல்கத்தாவில் வாழும் நாம் இந்த நாட்டின் குடிகள். நமக்குத் தூதரகம் வேண்டியதில்லை, உரிமையோடு வாழ்கிறோம். ஆயினும் மொழி தெரியாத ஊரில் முதல் நாள் வந்திறங்குபவனின் கலக்கத்துக்கு எல்லைக்கோடு ஒரு பொருட்டன்று. மாற்றலாகி வரும் சிறு உத்தியோகஸ்தர், கல்லூரியில் சேர வரும் மாணவி, கப்பலிலோ லாரியிலோ வந்து நோயில் விழுந்த தொழிலாளி, பிள்ளைகள் தொலைவிலிருக்கத் தனித்து வாழும் லேக் மார்க்கெட் முதியவர் ஆகிய இவர்கள் யாரிடம் போவார்கள்? அவர்களுக்குத் துணைத் தூதரகமும் கௌரவ கான்சலும் நம் சங்கமே. ஊதியமில்லாமல் உழைக்கும் நம் செயற்குழுவினரை அப்படி அழைப்பதில் தவறில்லை.

பூட்டானிடம் நாம் கற்கவேண்டியது இதுவே: எல்லாவிடத்தும் கதவு திறக்கச் சிறியவர்களால் ஆகாது. ஆகவே தேவை எங்கே என்று பார்த்து அங்கே திறக்க வேண்டும். நம் சங்கம் ஆண்டு விழாவுக்கும் பொங்கலுக்கும் சிறப்பாகவே செலவிடுகிறது. அதோடு ஒரு சிறு ஏற்பாடும் செய்தல் நலம். வாரம் ஒரு நாள், மாலை இரண்டு மணி நேரம், ஒருவர் சங்க அறையில் இருக்கட்டும். மேஜை மீது ஒரு பேரேடு இருக்கட்டும். யார் வந்தார், என்ன கேட்டார், எவர் உதவினார் என்று அதில் எழுதப்படட்டும். எந்த மருத்துவமனைக்குத் துணை செல்ல எவர் முன்வருவர், வங்காளத்தில் மனு எழுத எவர் அறிவர், இரத்தம் தர எவர் இசைவர் என்ற பட்டியலும் அதில் இருக்கட்டும். வந்தவர் உறுப்பினரா, சந்தா கட்டியவரா என்று முதலில் கேட்க வேண்டாம். சான்று கேட்டு வாசலில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் வேண்டாம்.

ஹௌராவில் நாம் எழுதிக் கொடுத்த சீட்டு நான்கு வரிகளுக்கு மேல் இல்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட இளைஞரின் முகத்தில் தோன்றிய தெளிவு இன்னும் நம் கண்முன் நிற்கிறது. அத்தகைய சீட்டு எழுத நம்மில் எவராலும் இயலும். முதல் ஞாயிறு மாலைக்கு நம் பெயரை எழுதிக் கொள்ளும்படி செயலாளரிடம் சொல்லிவிட்டோம். அடுத்த ஞாயிறுகளுக்கு அன்பர்கள் தங்கள் பெயரைத் தருமாறு வேண்டுகிறோம்.